பழைய மைனர் லீக் பேஸ்பால் அட்டைகள்: சேகரிக்கத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்கூட ஹோனஸ் வாக்னர் அட்டை ஏலத்தில் கோடிகளுக்குப் போன செய்தியை எங்காவது படித்திருப்பார். அந்த அட்டை வந்த தொகுப்புக்கு டி206 என்று பெயர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துக் கொடுத்த 524 அட்டைகள் அதில் உண்டு. 390 அட்டைகள் மேஜர் லீக் ஆட்டக்காரர்களுடையவை. மீதி 134 அட்டைகளில் இருப்பவர்கள் நாஷ்வில், மெம்பிஸ், சவானா, ரிச்மண்ட், டொரன்டோ, மினியாபொலிஸ் என்று கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர்கள்.

இந்த வழிகாட்டி அந்த 134 பேரின் வகையறாவுக்கானது. மேஜர் லீக் நட்சத்திரங்களின் அட்டைகளைப் பற்றி எல்லாமே எழுதியாகிவிட்டது. அங்கே பணம் உள்ளவர்தான் முன்னால் நிற்பார். மைனர் லீக் அட்டைகளில் விஷயம் தெரிந்தவருக்கே முதலிடம். அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்தப் பக்கத்தைப் பரிந்துரைக்கிறேன்.

மைனர் லீக் என்றால் எது?

அமெரிக்காவில் பேஸ்பால் படிப்படியாக அடுக்கப்பட்ட ஆட்டம். உச்சியில் மேஜர் லீக். அதற்குக் கீழே சின்ன நகரங்களிலும் நடுத்தர நகரங்களிலும் சம்பளத்துக்கு ஆடும் அணிகள். 1901இல் இந்தக் கீழ்நிலை லீக்குகள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு தேசிய சங்கத்தை அமைத்துக்கொண்டன. ஊரின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தார்கள். 1949இல் அமெரிக்காவில் 59 மைனர் லீக்குகள் நடந்தன. அப்புறம் தொலைக்காட்சி வந்தது. மேஜர் லீக் ஆட்டம் வீட்டுக்குள்ளேயே தெரிந்ததும் உள்ளூர் மைதானம் காலியானது, லீக்குகள் வரிசையாக மூடப்பட்டன.

மேற்குக் கடற்கரையின் கதை தனி. 1958இல் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஜெயன்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கும் குடிபெயரும்வரை கலிபோர்னியாவில் மேஜர் லீக் அணியே கிடையாது. 1903இல் தொடங்கிய பசிபிக் கோஸ்ட் லீக்தான் அங்கே எல்லாமும். நல்ல வானிலையால் ஒரு பருவத்துக்கு 200 ஆட்டங்கள்வரை ஆடினார்கள். 1925இல் சால்ட் லேக் சிட்டிக்காக டோனி லசேரி 60 ஹோம் ரன் அடித்ததும் இந்த லீக்கில்தான். மேஜர் லீக்குக்குப் போகாமல் இங்கேயே நிறைவாக வாழ்ந்த ஆட்டக்காரர்களும் உண்டு. மைனர் லீக் அட்டைகளில் மிக வளமான பகுதி ஏன் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது என்பதற்கு இதுவே காரணம்.

படி 1: வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள்

முதல் இரண்டு மூன்று மாதங்கள் ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பெஞ்சமின் கே. எட்வர்ட்ஸ் தொகுப்பு இருக்கிறது. 1887க்கும் 1914க்கும் இடைப்பட்ட சுமார் 2,100 அட்டைகளின் முன்புறமும் பின்புறமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மைனர் லீக் அட்டைகளும் அதில் நிறைய உண்டு. பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் மை என்ன நிறம், விளிம்பு எவ்வளவு அகலம், பின்புறத்தில் எந்த சிகரெட்டின் விளம்பரம் என்று கவனியுங்கள். அசல் எப்படி இருக்கும் என்பது கண்ணில் பதிந்துவிட்டால், போலியைப் பார்த்ததும் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும். அந்த உறுத்தல்தான் பிறகு உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஜெபர்சன் பர்டிக் கொடுத்துவிட்டுப் போன தொகுப்பு உள்ளது. பேஸ்பால் அட்டை, வாழ்த்து அட்டை, விளம்பரச் சீட்டு என்று 3 லட்சத்துக்கும் அதிகமான அச்சுத் துண்டுகள். மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிக்கொண்டிருந்தபோதும் அவர் பல ஆண்டுகள் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து அவற்றை ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்தார். இந்தப் பொழுதுபோக்கில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் அவர்.

படி 2: எழுத்தையும் எண்ணையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டி206, டி210 என்ற பெயர்களும் பர்டிக் தந்தவையே. அவர் தொகுத்த அமெரிக்க அட்டைப் பட்டியலில் டி வரிசை 20ஆம் நூற்றாண்டின் புகையிலை அட்டைகளுக்கு, இ வரிசை பழைய மிட்டாய் அட்டைகளுக்கு, டி என்றே தமிழில் ஒலிக்கும் இன்னொரு ஆங்கில எழுத்து ரொட்டி, பிஸ்கட் அட்டைகளுக்கு, என் வரிசை 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு. விற்பவர்கள் எல்லோரும் இந்தக் குறியீட்டில்தான் பேசுவார்கள். இணையத்தில் தேடும்போதும் தொகுப்பின் பெயரோடு குறியீட்டையும் போட்டால்தான் முழுப் பட்டியலும் வரும்.

படி 3: ஒரே ஒரு வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குகிறவர் இரண்டு வருடத்தில் அலுத்துப்போவார். ஒரு ஊர், ஒரு லீக், ஒரு தொகுப்பு, இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் டெக்சாஸில் வசிப்பவரானால் டெக்சாஸ் லீக், சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலை பார்ப்பவரானால் சீல்ஸ் அல்லது ஓக்லண்ட் ஓக்ஸ் அணி. தினமும் நடக்கும் தெருவில் ஒருகாலத்தில் மைதானம் இருந்தது என்று தெரிந்தால் அட்டைமேல் தனிப் பற்று வந்துவிடும்.

தொடங்கத் தகுந்த சில வட்டங்கள்:

டி206இன் மைனர் லீக் பகுதி. இதில் இரண்டு பிரிவுகள். 86 அட்டைகள் வடக்கு, மத்தியப் பகுதி லீக்குகளைச் சேர்ந்தவை. ஓரளவு தேய்ந்த நிலையில் இருந்தால் சில பத்து டாலர்களுக்கே கிடைக்கும். மேஜர் லீக்கில் கொடிகட்டிப் பறந்துவிட்டு வயதான காலத்தில் கீழே இறங்கி ஆடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். கன்சாஸ் சிட்டி சீருடையில் ஜேக் பெக்லி, மினியாபொலிஸ் சீருடையில் ஜிம்மி காலின்ஸ், டொரன்டோவின் ஜோ கெல்லி, நியூவார்க்கின் ஜோ மெக்கினிட்டி, நால்வரும் பின்னாளில் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களின் அட்டைகளுக்கு விலை கூடுதல்.

மற்ற 48 அட்டைகள் தெற்கு மாநில அணிகளுடையவை. சேகரிப்பாளர்கள் இவர்களை ‘சதர்ன் லீகர்ஸ்’ என்பார்கள். எண்ணிக்கையில் குறைவு, போட்டி அதிகம், ஆகவே தொடங்கியதும் இதில் இறங்க வேண்டாம். பின்புறத்தில் எந்த சிகரெட்டின் விளம்பரம் என்பதும் விலையை மாற்றும். பீட்மான்ட் சாதாரணம். ‘ஹிந்து’ என்ற பெயரில் ஒரு சிகரெட் இருந்தது. அந்த விளம்பரம் பழுப்பு மையில் அச்சான பின்புறம் கிடைப்பது அரிது.

டி210 ஓல்ட் மில். 1910இல் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம், சுற்றிலும் சிவப்பு விளிம்பு, எட்டு வரிசைகளில் சுமார் 640 அட்டைகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு தெற்கு லீக். நியூ ஆர்லியன்ஸ் அணியில் ஜோ ஜாக்சன் இருப்பது இதில்தான், அந்த ஒரு அட்டை சாதாரண மனிதர் எட்டக்கூடிய விலையில் இல்லை. கென்டக்கியின் மேஸ்வில் என்ற சிற்றூர் அணியில் ஆடிய கேசி ஸ்டெங்கலும் இதில் உண்டு. மற்றவர்கள் பெரும்பாலும் பெயர் மறந்துபோனவர்கள். அவர்களுக்காகவே இந்தத் தொகுப்பு எனக்குப் பிடிக்கும். சில ஊர்களின் அணிக்கு இதைத் தவிர வேறு அட்டையே கிடையாது. சிவப்பு விளிம்பு சீக்கிரம் உதிரும். மூலைகள் வெளுத்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

ஓபக், அதாவது டி212. 1909 முதல் 1911 வரை மேற்குக் கடற்கரையில் மட்டும் விற்ற சிகரெட்டோடு வந்த வண்ண அட்டைகள். அழகு என்று பார்த்தால் டி206க்கு ஒரு படியும் குறையாது. 1911ஆம் ஆண்டு அட்டைகளின் பின்புறத்தில் ஆட்டக்காரரைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது. அக்கால அட்டைகளில் அது அபூர்வம்.

ரொட்டிக் கடை, பிஸ்கட் கம்பெனி அட்டைகள். ஓக்லண்ட் ஓக்ஸ் அணிக்கு ரீமார் ரொட்டி 1946 முதல் 1950 வரையிலான காலத்தில் வெளியிட்டவை, 1952, 1953இல் மதர்ஸ் குக்கீஸ் பசிபிக் கோஸ்ட் லீக் முழுவதற்கும் வெளியிட்ட வட்டமுனை வண்ண அட்டைகள். 1910இல் மேஸ்வில்லில் ஆடிய அதே ஸ்டெங்கல் 1946 முதல் 1948 வரை ஓக்ஸ் அணியின் மேலாளர். கடைசி வருடம் கோப்பையை வென்றதும் நியூயார்க் யாங்கீஸ் அவரை அழைத்துக்கொண்டது. புதியவருக்கு மதர்ஸ் குக்கீஸ்தான் என் முதல் சிபாரிசு. விலை கைக்கு அடங்கும், கள்ள நகல் குறைவு, பார்க்கவும் பளிச்சென்று இருக்கும்.

1970களில் டிசிஎம்ஏ என்ற நிறுவனம் வெளியிட்ட அணித் தொகுப்புகள். இளையவை, மலிவானவை. ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இவை சுவாரசியம். ஆனால் பின்னாளில் பெரிய நட்சத்திரங்களானவர்களின் அட்டைகளுக்கு நகல்கள் உலவுவதால் அவற்றை மட்டும் தனியாக விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அணித் தொகுப்பு முழுவதாக இருந்தால் நம்பிக்கை கூடும்.

பேப் ரூத்தின் 1914 அட்டையைச் சொல்லாமல் இந்தப் பட்டியல் முடியாது. ரூத்துக்கு 19 வயது, இன்டர்நேஷனல் லீக்கில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியில் ஆடினார். உள்ளூர்ப் பத்திரிகையான பால்டிமோர் நியூஸ், பின்புறம் ஆட்ட அட்டவணையோடு அட்டைகளை வெளியிட்டது. அவருடைய அட்டை சுமார் பத்துதான் மிஞ்சியிருப்பதாகக் கணக்கு. அதில் ஒன்று 2023 டிசம்பரில் 72 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

படி 4: ஜீநட் அட்டையை நெருங்கிப் பாருங்கள்

ஜீநட்டுக்குத் தனி இடம் கொடுக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவின் காலின்ஸ் மெக்கார்த்தி மிட்டாய்க் கம்பெனி 1911இல் தொடங்கிய வரிசை இது, 1938 வரை வருடம் தவறாமல் வந்தது. பசிபிக் கோஸ்ட் லீக்கின் 28 வருட வரலாறு முகம் முகமாக இதில் இருக்கிறது.

1913 முதல் அட்டையின் அடியில் ஒரு கூப்பன் ஒட்டியபடி வந்தது. அதைக் கிழித்துச் சேர்த்துக் கொடுத்தால் பரிசு. பபிள்கம் உறையில் வந்த கிரிக்கெட் படங்களைச் சேர்த்துப் பரிசு வாங்கிய நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலத்தான் கலிபோர்னியாப் பிள்ளைகளும் கூப்பனைக் கிழித்தார்கள். அதனால் இன்று கிடைக்கும் ஜீநட்களில் பெரும்பாலானவை அடிப்பாகம் போனவை. கூப்பனோடு இருப்பது அபூர்வம், விலை பல மடங்கு.

அடிப்பாகம் போன ஜீநட்டைச் சேதமான அட்டை என்று நினைக்க வேண்டாம். அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்குப் பயன்பட்டிருக்கிறது. சேகரிப்பாளர்களும் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியது கிழித்த கோடு எங்கே போகிறது என்பதை. கூப்பன் கோட்டை ஒட்டிப் போயிருந்தால் நல்லது. ஆட்டக்காரரின் காலையும் சேர்த்துத் தின்றிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கூப்பனில் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பார்கள். 1933 முதல் 1936 வரையிலான அட்டைகள் ஒன்றுபோலவே இருப்பதால் எந்த வருடத்தது என்று சொல்ல அந்தத் தேதி உதவும். கூப்பன் போய்விட்டால் வருடத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. சீல்ஸ் அணிக்காக 1933இல் தொடர்ந்து 61 ஆட்டங்களில் ஹிட் அடித்த 18 வயது ஜோ டிமாஜியோவின் அட்டை இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. பெயரை எழுத்துப்பிழையோடு அச்சிட்டிருக்கிறார்கள். ஜீநட்டில் மட்டுமல்ல, மைனர் லீக் அட்டைகளில் பொதுவாகவே பெயர்ப் பிழைகள் சகஜம். தேடும்போது சரியான எழுத்துக்கூட்டலோடு தவறானவற்றையும் போட்டுத் தேடுங்கள். மற்றவர் கண்ணில் படாத அட்டை அப்படித்தான் சிக்கும்.

படி 5: அசலா, நகலா?

மூன்று கருவிகள் போதும்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், புற ஊதா விளக்கு, மில்லிமீட்டர் அளவுகோல்.

டி206 அட்டை ஒன்றை லென்ஸுக்கு அடியில் வையுங்கள். கீழே ஆட்டக்காரரின் பெயரும் ஊரும் பழுப்பு மையில் அச்சாகியிருக்கும். அசலில் அந்த எழுத்துகள் இடைவெளியில்லாமல் மை நிரம்பி இருக்கும். வண்ணப்படத்தைப் பிற்காலத்தில் போட்டோ எடுத்து அச்சடித்த நகலில் எழுத்துக்குள்ளேயே சீரான சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த வித்தியாசம் மறக்காது.

புற ஊதா விளக்கு தாளின் வயதைச் சொல்லும். 1940களின் பிற்பகுதிக்குப் பிறகு தாளை வெண்மையாக்க ஒளிரும் ரசாயனங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். 1910ஆம் ஆண்டு அட்டை என்று சொல்லி விற்கிற ஒன்று இருட்டில் நீலவெண்மையாகப் பளபளத்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பளபளக்காதது எல்லாம் அசல் என்று சொல்லிவிட முடியாது, பழைய தாளில் புதிதாக அச்சிடுகிறவர்களும் உண்டு.

அளவுகோல், ஓரம் வெட்டியதைக் கண்டுபிடிக்க. தேய்ந்த மூலைகளைக் கூர்மையாக்கிக் காட்ட ஓரத்தைச் சீவிவிடும் மோசடி பழையது. டி206 சுமார் 36.5 மில்லிமீட்டர் அகலம், 66.7 மில்லிமீட்டர் உயரம். ஆலையிலேயே ஓரளவு கூடக்குறைய வெட்டியிருப்பார்கள் என்பதால் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஓரத்தை லென்ஸில் பாருங்கள். நூறு வருடம் கை பட்ட ஓரம் மழுங்கி அழுக்கேறி இருக்கும். மூன்று ஓரம் அப்படி இருந்து நான்காவது மட்டும் பிளேடு போட்டதுபோல் வெள்ளையாக இருந்தால் விஷயம் விளங்கிவிடும்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால், பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற நிறுவனங்கள் சோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் பூட்டிய அட்டைகளையே வாங்குங்கள். முதல் சில அட்டைகளை அப்படி வாங்குவதே நல்லது.

படி 6: நிலையும் விலையும்

மேஜர் லீக் அட்டைகளில் ஒரு மதிப்பெண் ஏறினால் விலை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். ஊரளவில் சில நூறு பேரிடம் மட்டும் போய்ச் சேர்ந்த அட்டைக்கு நல்ல நிலையில் இன்னொரு பிரதி இல்லாமலே போகலாம். மடிப்பு விழுந்ததோ, ஆல்பத்தில் ஒட்டிப் பெயர்த்ததில் பின்புறம் உரிந்ததோ கிடைத்தால் வாங்கத் தயங்க வேண்டாம். முகம் தெளிவாக இருக்கிறதா, பெயர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பென்சில் கிறுக்கல், மங்கல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். வண்ணம் தீட்டிச் சரிசெய்ததையும் ஓரம் சீவியதையும் மட்டும் தொடாதீர்கள்.

விலைப் புத்தகங்கள் இந்தத் துறையில் அதிகம் உதவாது. ஒரு அட்டை பல வருடத்துக்கு ஒருமுறைதான் சந்தைக்கு வரும். முடிந்த ஏலங்களின் பட்டியலைப் பார்த்து, அதே தொகுப்பில் அதே அளவு அரிதான வேறு அட்டைகள் என்ன விலைக்குப் போயின என்று நீங்களே ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். விற்பவர் கேட்கும் விலை கணக்கில் சேராது, விற்று முடிந்த விலைதான் சேரும்.

படி 7: எங்கே வாங்குவது?

ஈபேயில் எல்லாம் கிடைக்கும், நகலும் கிடைக்கும். பின்புறப் படம் போடாத பட்டியலைத் தாண்டிப் போங்கள். ராபர்ட் எட்வர்ட் ஆக்‌ஷன்ஸ், ஹெரிடேஜ் போன்ற ஏல நிறுவனங்களில் அசலுக்குப் பொறுப்பேற்பவர் இருக்கிறார். அங்கே கூப்பிட்ட தொகையோடு சுமார் 20 சதவீதம் வாங்குபவர் கட்டணம் சேரும், அதைக் கழித்துவிட்டே கை தூக்குங்கள். இந்தியாவுக்கு வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் மேலே.

1980 முதல் நடந்துவரும் தேசிய விளையாட்டுச் சேகரிப்பாளர் மாநாடு வருடத்துக்கு ஒருமுறை வெவ்வேறு நகரங்களில் கூடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் ஒருதடவையாவது போய்வாருங்கள். வாங்கவே வேண்டாம். அசல் ஓல்ட் மில் அட்டையைக் கையில் வாங்கி அதன் கனத்தை உணர்ந்து பாருங்கள். வயதான வியாபாரிகள் கேட்டால் மனம்திறந்து சொல்லித்தருவார்கள்.

படி 8: அட்டையில் இருப்பவர் யார் என்று தேடுங்கள்

இந்த வேலையை விட்டுவிட்டால் சேகரிப்பதில் பாதிச் சுகம் போய்விடும் என்பது என் கருத்து. ஓல்ட் மில் அட்டையில் வெறும் குடும்பப் பெயரும் ஊரும்தான் இருக்கும். முதல் பெயர் கிடையாது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் அந்த ஊர் அணியின் 1910 பட்டியலைத் திறந்து, அதே குடும்பப் பெயரில் யார் ஆடினார்கள் என்று பாருங்கள். இரண்டு பேர் இருந்தால் பழைய செய்தித்தாள்களுக்குப் போங்கள். நாடாளுமன்ற நூலகத்தின் செய்தித்தாள் காப்பகமும் கலிபோர்னியாவின் மின்வடிவச் செய்தித்தாள் தொகுப்பும் இலவசம். 1971இல் தொடங்கிய அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளும் உதவும்.

கிடைத்ததை அட்டையோடு சேர்த்து எழுதிவையுங்கள்: முழுப் பெயர், ஆடிய அணிகள், பிறகு என்ன ஆனார். எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 9: பாதுகாப்பு

மெல்லிய உறை, அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறை. பிவிசி வேண்டாம், அது நாளாக ஆகத் தாளைக் கெடுக்கும். அமிலமில்லாத தாள் பெட்டி, வெயில் படாத உலர்ந்த அறை. சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம்தான் முதல் எதிரி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். அழுக்கைத் துடைக்கவோ மடிப்பை நீட்டவோ முயல வேண்டாம்.

விற்க நேர்ந்தால்

ஜீநட், டி206 போன்றவற்றை எந்தப் பெரிய ஏல நிறுவனமும் எடுத்துக்கொள்ளும். ஒரு சிற்றூர் அணியின் அட்டைகள் என்றால் முதலில் அந்த ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்கோ பொது நூலகத்துக்கோ எழுதிப் பாருங்கள். பல ஊர்களில் தங்கள் பழைய அணியின் படமே இல்லாமல் இருப்பார்கள். விலைக்குக் கொடுக்க விரும்பினாலும், அட்டையை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து, நீங்கள் எழுதிவைத்த தாளின் நகலோடு அவர்களுக்கு அனுப்பிவிட்டு விற்கலாம்.